விரல் நீளக் குட்டியும் ஒரு மீட்டர் மீனும்



இந்தக் கூட்டத்தில் வண்ணமீன் வளர்ப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் கப்பி, மோலி, தங்கமீன் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதையும் சொல்லாமல் போகவேண்டி வரும். அதனால் அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டு, தலைப்பைக் குறுக்கியிருக்கிறேன். கடையில் விரல் நீளத்தில் விற்கப்பட்டு, வீட்டுக்கு வந்தபின் ஒரு பள்ளிப் பிள்ளையின் உயரத்துக்கு வளர்கிற கெளுத்தி மீன்களைப் பற்றி மட்டும் இன்று பேசப் போகிறேன். அவற்றை வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியுமா? முடியுமென்றால் அதற்கு என்ன வேண்டும்? முடியாதென்றால் ஏன்?

சென்னை கொளத்தூர் மீன்கடைகளில் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிற ஒரு குட்டியிலிருந்து தொடங்குகிறேன். ரெட் டெயில் கேட்ஃபிஷ் என்று விற்பார்கள். வளர்ப்பவர்கள் சுருக்கமாக ஆர்.டி.சி. என்பார்கள். கரும்பச்சை முதுகு. வாயிலிருந்து வால்வரை விலாவில் ஓடும் வெள்ளைப் பட்டை. வால் மட்டும் சிவப்பு. மூன்று ஜோடி மீசை. நாம் கண்ணாடி அருகே போனால் ஒதுங்கி ஓடாமல் எதிரே வந்து நிற்கும். ஆளை அடையாளம் கண்டு தீனி கேட்கும். இத்தனை அறிவும் அழகும் ஒரு சுண்டுவிரல் அளவு உடம்புக்குள் இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். வாங்கியவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அந்த ஆசை நல்ல ஆசைதான். அந்தக் குட்டி என்னவாகப் போகிறது என்பதை வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதன் ஊர் தென் அமெரிக்கா. அமேசான், ஒரினோகோ, எசெகிபோ ஆகிய ஆறுகளின் படுகைகள். அங்கே 1.3 மீட்டருக்கும் மேல் வளர்ந்தவை பதிவாகியிருக்கின்றன. தூண்டிலில் பிடிபட்டவற்றில் உலக சாதனையாக ஏற்கப்பட்டது, 2010-ல் பிரேசிலில் பிடித்த 56 கிலோ மீன். ஆயுள் 15, 20 ஆண்டு. பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக இதை வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் மீன் இருக்கும். இருக்க வேண்டும் என்பதுதான் நியாயம். ஆனால் நம் ஊரில் இந்த மீன்களில் பெரும்பாலானவை அத்தனை காலம் பிழைப்பதில்லை.

ஏன் இவ்வளவு வேகமாக வளர்கிறது? அமேசானின் நடுப்பகுதியில் ஆண்டுதோறும் நீர்மட்டம் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. ஏறும்போது ஆறு காட்டுக்குள் புகுந்துவிடும். மரங்களுக்கு நடுவே மீன்கள் நீந்தும். அந்த மாதங்களில் தின்பதற்குக் கணக்கில்லை. இந்தக் கெளுத்தி, மீனைத் தின்னும், நண்டைத் தின்னும், மரத்திலிருந்து நீரில் விழும் பழத்தையும் தின்னும். தண்ணீர் வடிந்ததும் நிலைமை மாறிவிடும். எல்லோரும் ஒடுங்கிய ஆற்றுக்குள் நெருக்கியடித்து வாழவேண்டும். சிறியது பெரியதன் வாய்க்குள் போகும் காலம் அது. எனவே கிடைக்கும்போது வயிறு முட்டத் தின்று, அடுத்தவன் வாய்க்குள் போகாத அளவுக்குச் சீக்கிரம் பெருத்துவிட வேண்டும் என்பதே அதன் உடம்பில் எழுதியிருக்கும் சட்டம். நம் வீட்டுத் தொட்டியில் வெள்ளக்காலம் மட்டும்தான் உண்டு. வறண்ட காலம் வருவதேயில்லை. நாள்தோறும் இரண்டு வேளை தீனி. நன்றாகத் தின்றால் முதல் ஆண்டிலேயே ஓர் அடியைத் தாண்டிவிடும். அடுத்த ஓரிரு ஆண்டில் இரண்டு அடி.

இனி ஒரு கணக்கு. பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரு மீனின் நீளம் இரண்டு மடங்கானால் அதன் எடை எத்தனை மடங்காகும்? இரண்டு என்று சொல்லத் தோன்றும். ஆனால் நீளம் கூடும்போது அகலமும் உயரமும் கூடவே வளர்கின்றன. இரண்டை மூன்று முறை பெருக்க வேண்டும்: எட்டு மடங்கு. இப்போது 5 சென்டிமீட்டர்க் குட்டி ஒரு மீட்டர் மீனாக வளர்கிறது என்று வையுங்கள். நீளம் 20 மடங்கு. எடை 8,000 மடங்கு. 2 கிராம் இருந்த குட்டி 16 கிலோ ஆகிறது. வளர்ப்பவர் கண் நீளத்தைத்தான் பார்க்கிறது. தண்ணீரும் பில்டரும் எடையைத்தான் பார்க்கின்றன. பெரிய கெளுத்தி வளர்ப்பில் நடக்கிற எல்லாத் துயரங்களும் இந்த ஒரு கணக்கைப் போடாததால் வருகின்றன என்பதே என் முடிவு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் தொடர்ந்து போட்டுப் பார்ப்போம். 16 கிலோ வேண்டாம். பத்துக் கிலோ மீன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நாளொன்றுக்குத் தன் எடையில் நூறில் ஒரு பங்கு தின்கிறது என்றால் 100 கிராம் தீனி. அதில் 40 விழுக்காடு புரதம். புரதம் செரித்தபின் மிஞ்சும் நைட்ரஜனை மீன் அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. பெரும்பகுதி செவுள் வழியாகவே கரைந்து வெளியேறும், கண்ணுக்குத் தெரியாது. மீன்பண்ணைப் பொறியியலில் வழக்கமாகப் போடும் கணக்குப்படி, இந்த 100 கிராம் தீனியிலிருந்து ஏறத்தாழ மூன்றரை கிராமுக்கு மேல் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி - வீட்டில் வைப்பவற்றில் அது பெரிய தொட்டி - பிடிக்கும் தண்ணீர் சுமார் 680 லிட்டர். அப்படியென்றால் ஒரே நாளில் லிட்டருக்கு 5 மில்லிகிராம்.

அம்மோனியாவின் நஞ்சு எல்லாத் தண்ணீரிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் காரத்தன்மையோடும் சூடாகவும் இருந்தால் நஞ்சு அதிகம். பி.எச். 7 இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கொடிய வடிவில் இருக்கும். பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி என்றால் அது ஏழு பங்காகிவிடும். சென்னையில் பல தெருக்களின் போர் தண்ணீர் உப்பும் காரமுமாக இருக்கிறது. சித்திரை வைகாசியில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தக் கொடிய வடிவம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருந்தாலே செவுள் புண்ணாகத் தொடங்கும். நாம் கணக்கிட்ட தொட்டியில் பில்டர் ஒரு நாள் நின்றுபோனால் அதைப்போல ஏழு மடங்கு சேர்ந்துவிடுகிறது.

இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றித் தருபவை பில்டரில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கும் மூச்சு வேண்டும். கரன்ட் போய் இரண்டு மூன்று மணி நேரம் மோட்டார் நின்றால் அவையும் சாகத் தொடங்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும் என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிற்கும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமாகிவிடும். பெரிய மீனுக்குத் தேவை அதிகம், இருப்பு குறைவு. கோடையில், அதுவும் கரன்ட் போகிற இரவில்தான் பெரிய மீன்கள் சாகின்றன என்று வளர்ப்பவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. பெரிய கெளுத்தி வைத்திருப்பவர் வீட்டில் மின்விசிறிக்கு முன்பு ஏர் பம்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்க வேண்டும்.

அப்படியானால் பெரிய தொட்டியாகக் கட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். கட்டலாம். மீன் திரும்புவதற்குத் தொட்டியின் அகலம் அதன் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு மீட்டர் மீன் தன் இயல்பில் நீந்தி வாழ, என் கணிப்பில் குறைந்தது 15 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழம் வேண்டும். அது 13,600 லிட்டர். பதின்மூன்றரை டன். இதை எங்கே வைப்பீர்கள்? குடியிருப்பு வீடுகளின் தளத்துக்கு இந்தியத் தர விதி சொல்லும் புழக்கச் சுமை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. இரண்டே அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால்கூட ஒரு சதுர மீட்டரில் 600 கிலோவுக்கு மேல் ஏறுகிறது. மாடி வீட்டில் வைக்கவே கூடாது. தரையில், சொந்த நிலத்தில், பொறியாளரைக் கேட்டுக் கட்ட வேண்டிய தொட்டி அது. வாரம் கால்பங்குத் தண்ணீர் மாற்றினால் 3,400 லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் குடிநீர்த் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. நான்கு பேர் குடும்பம் ஆறு நாள் புழங்கும் தண்ணீர், வாரம் ஒரு முறை ஒரு மீனுக்காகச் சாக்கடைக்குப் போகும். 2019 ஜூன் மாதத்தில் ஏரிகள் காய்ந்து, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. இதை நான் மறக்கச் சொல்லமாட்டேன்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "மீன் தொட்டிக்குத் தக்கபடிதானே வளரும்?" என்று கேட்பார். எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். கேட்பவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்; கடையில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அதனால் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன்.

மனிதர்களைப்போல் ஒரு வயதோடு வளர்ச்சி முடிந்துவிடும் பிறவியல்ல பெரும்பாலான மீன்கள். வேகம் குறையுமே தவிர, உயிருள்ளவரை வளரும் என்றே வைத்துக்கொள்ளலாம். சிறிய தொட்டியில் வளர்ச்சி நிற்பது உண்மை. ஏன் நிற்கிறது? கழிவு தேங்குகிறது. ஆக்சிஜன் போதவில்லை. நீந்த இடமில்லாமல் தசை வலுவடையவில்லை. இடைவிடாத பதற்றத்தில் சுரக்கும் சுரப்புகள் பசியையும் நோய் எதிர்ப்பையும் கெடுக்கின்றன. முதுகெலும்பு வளைகிறது, உடம்பு குட்டையாகித் தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது, துடுப்புகள் தேய்கின்றன. பதினைந்து ஆண்டு வாழவேண்டிய மீன் இரண்டு, மூன்று ஆண்டில் செத்துவிடுகிறது. தொட்டிக்குத் தக்கபடி மீன் தன்னைச் சுருக்கிக்கொண்டது என்று நாம் சொல்வது, நோயுற்று வளர்ச்சி குன்றிய ஓர் உயிரைப் பற்றி. கடைக்காரர்களை மன்றாடிக் கேட்கிறேன்: இந்த ஒரு வாக்கியத்தை இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

இரண்டாவது மீனுக்கு வருகிறேன். ரெட் டெயிலைவிட மலிவு, அதைவிடப் பரவல் அதிகம். நம் ஊரில் ஷார்க் என்ற பெயரில் விற்கிற வெள்ளிநிற மீன். முதுகுத் துடுப்பு நிமிர்ந்து நிற்பதால் சுறா என்று நினைத்துப் பிள்ளைகள் கேட்டு வாங்குகிறார்கள். அது கெளுத்தி இனம்தான், பங்காசியஸ். மீகாங், சாவ் பிரயா ஆறுகளில் பிறந்தது. 1.3 மீட்டர், 44 கிலோ வரை வளரும். இதே மீனைத்தான் வியட்நாம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வளர்த்து உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறது. நம் சூப்பர் மார்க்கெட்டில் முள்ளில்லாத பாசா துண்டுகள் என்று உறைநிலையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஆந்திரக் குளங்களில் எட்டு மாதத்தில் ஒரு கிலோவைத் தாண்ட வைக்கிறார்கள். சாப்பாட்டுக்காக வேகமாக வளர்ப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மீனை, இரண்டடித் தொட்டியில் அலங்காரத்துக்கு விட்டிருக்கிறோம்.

இதன் சுபாவம் ரெட் டெயிலுக்கு நேர் எதிர். அது தனியாக, தரையோடு கிடக்கும். இது கூட்டமாக, ஓயாமல் நீந்தும். மீகாங்கில் இனப்பெருக்கத்துக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிர்நீச்சல் போடும் மீன். முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் வெள்ளத்தோடு கீழே மிதந்து சமவெளிக்கு வரும். கண்பார்வை மட்டம், பயம் அதிகம். தொட்டிக்கு முன்னால் ஒருவர் சட்டென்று நடந்தாலும், இரவில் விளக்கைப் போட்டாலும், நான்கு பக்கமும் தெறித்து ஓடிக் கண்ணாடியில் மோதும். மூக்கு நசுங்கி வெள்ளையாக இருக்கும் ஷார்க் மீனை எத்தனையோ வரவேற்பறைகளில் பார்க்கலாம். நீர் மோசமானாலும் சாகாமல் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும். அதன் காற்றுப்பை மூச்சுக்கும் உதவுகிறது. நம் கண்ணுக்கு அது "கெட்டி மீன்" என்று தெரிகிறது. இயற்கையில் அதன் நிலைமை என்ன தெரியுமா? பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது அழியும் ஆபத்தில் இருக்கும் இனம். அணைகளும் அளவுக்கு மீறிய பிடிப்பும் அதை அங்கே ஒடுக்கிவிட்டன. அதன் நெருங்கிய உறவான மீகாங் ராட்சதக் கெளுத்தியில் 2005-ல் வட தாய்லாந்தில் பிடிபட்ட ஒன்று 293 கிலோ இருந்தது. இன்று அந்த இனம் அழிவின் விளிம்பில் நிற்கிறது.

உறவு என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ரெட் டெயிலின் குடும்பத்தில் டொராடோ என்றொரு கெளுத்தி இருக்கிறது. ஆண்டிஸ் மலையடிவாரத்தில் பிறந்து, அமேசானின் முகத்துவாரம்வரை இறங்கி வளர்ந்து, முட்டையிட மறுபடியும் மலையடிவாரத்துக்கே ஏறுகிறது. போய்வரும் தூரம் 11,600 கிலோமீட்டர் அளவுக்கு ஆகும் என்று 2017-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நன்னீர் மீன்களில் இதைவிட நீண்ட பயணம் வேறெதுவும் அறியப்படவில்லை. எல்லாப் பெரிய கெளுத்திகளும் இப்படிப் போவதில்லை. ஆனாலும் இந்தக் குலம் எத்தனை பெரிய ஆறுகளுக்காக உருவானது என்பதை இது சொல்லும்.

இப்போது மீன் பெரிதாகிவிட்டது. தொட்டி போதவில்லை. வாங்கிய கடையில் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்கிறார்கள்? ஒரு பக்கெட்டில் போட்டு ஏரியில் விட்டுவிடுகிறார்கள். சிலர் கோயில் குளத்தில் விடுகிறார்கள். உயிரைக் கொல்லாமல் விட்டோம், புண்ணியம் என்று மனநிறைவோடு வீட்டுக்கு வருகிறார்கள். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு மீனுக்குக் காட்டிய இரக்கம், குளத்திலிருக்கும் ஆயிரம் உயிர்களுக்குச் செய்த கேடு.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் டேங்க் கிளீனர் என்று நாம் விற்கிற சக்கர் மீனைப் பாருங்கள். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி மூன்று அங்குலத்தில் கொடுப்பார்கள். ஒன்றரை அடி வரை வளரும். இதுவும் தென் அமெரிக்கக் கெளுத்திதான். உடம்பெல்லாம் எலும்புக் கவசம். வயிற்றால் காற்றைச் சுவாசித்துக்கொண்டு, தண்ணீருக்கு வெளியே மணிக்கணக்கில் பிழைக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிட்டு, ஆண் மீன் காவல் இருக்கும். அதனால் குஞ்சுகள் பிழைப்பது அதிகம், கரை சரிவதும் அதிகம். இன்று தமிழ்நாட்டின் ஏரி குளங்களிலும், கேரளத்திலும், ஆந்திரத்திலும், வங்காளத்திலும் இது பெருகிவிட்டது. 2020-ல் வாரணாசி அருகே கங்கையிலும் கிடைத்தது. வலையில் சிக்கினால் முள் வலையைக் கிழிக்கும். பிடித்ததை வாங்க ஆளில்லை. மெக்சிகோவின் இன்ஃபியெர்னியோ நீர்த்தேக்கத்தில் ஜிலேபி மீன் பிடித்துப் பிழைத்த மீனவர்களின் வலையில், ஒரு காலகட்டத்தில் இந்தச் சக்கர்தான் நிறைந்து வந்தது. பெரியதொரு மீன்பிடித் தொழில் அதனால் சரிந்தது. யாரும் திட்டம் போட்டு விடவில்லை. தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தவை.

அந்த ஜிலேபியே நம் நாட்டுக்கு 1952-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான். இன்று அது இல்லாத குளம் நம் பக்கத்தில் இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க மத்திய அரசு தடைபோட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்னமும் அதிகாரிகள் திருட்டுப் பண்ணைகளைக் கண்டுபிடித்து அழித்துக்கொண்டே இருக்கிறார்கள். விடுவது ஒரு நிமிட வேலை. திரும்பப் பிடிப்பது எந்த அரசாலும் முடியாத வேலை.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2018-ல் கேரளத்தில் பெருவெள்ளம் வடிந்தபின், மீனவர்கள் ஆறுகளில் அரபைமா, அலிகேட்டர் கார் என்ற அயல்நாட்டுப் பெரிய மீன்களைப் பிடித்தார்கள். வளர்ப்புக் குளங்கள் நிரம்பி வழிந்தபோது தப்பிவந்தவை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தண்ணீர் நம் வாசற்படி ஏறி வந்ததே, அன்று வீட்டுக்குப் பின்னால் திறந்த தொட்டியில் ஒரு ரெட் டெயில் இருந்திருந்தால் அது எங்கே போயிருக்கும்? அது இங்கே குஞ்சு பொரிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒற்றை மீனாக இருந்தாலே போதும். பதினைந்து ஆண்டுகள் அந்த ஏரியின் விரால், குறவை, ஆரால், நாட்டுக் கெளுத்தி என்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருக்கும். நம் ஆற்று வாளையே ஒரு பெரிய கெளுத்திதான். ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்த வாளையைக் காவிரிக்கரைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இன்று அதுவும் ஆபத்துக்குள்ளான இனம். இருக்கிற நம் மீனுக்கே இடம் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இங்கே இருப்பார்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்பமாட்டேன். முதலில் தீனியைக் குறையுங்கள். ஓர் அடியைத் தாண்டிய ரெட் டெயிலுக்கு வாரம் இரண்டு மூன்று முறை போதும்; நாள்தோறும் போட்டால் ஈரலில் கொழுப்புப் படிந்து சாகும். கோழிக்கறி, மாட்டு இருதயம் வேண்டாம். மூழ்கும் பெல்லட், இறால், மத்தியைத் தவிர்த்த சுத்தமான மீன்துண்டு கொடுக்கலாம். மத்தி போன்ற சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. தங்கமீனிலும் அது உண்டு, அதோடு நோயும் சேர்ந்து வரும். எனவே உயிருள்ள தங்கமீனைத் தீனியாகப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தொட்டிக்குள் கூழாங்கல், தெர்மாமீட்டர், ஹீட்டர், பிளாஸ்டிக் பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. இந்த மீன் கிடைத்ததை விழுங்கும். சில சமயம் கக்கிவிடும், சில சமயம் குடல் அடைத்துச் சாகும். மெல்லிய ஆற்று மணல், அல்லது வெறும் தரை. மேலே கனமான மூடி. கூடவே சின்ன மீன்களை விட்டால் அவை காலையில் இருக்காது.

இடம் மாற்றும்போது வலை போடாதீர்கள். கெளுத்திகளின் மார்புத் துடுப்பு முள் பூட்டிக்கொண்டு வலையில் மாட்டும். மீனும் கிழிபடும், உங்கள் கையும் கிழிபடும். தொட்டிக்குள்ளேயே ஒரு பெரிய டப்பை இறக்கி, தண்ணீரோடு ஓட்டி எடுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீரென்றால் குளோரின் நீக்கிய பிறகே ஊற்றுங்கள். பெரிய மீன் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு, வாங்குபவரைத் தேடுங்கள். பெரிய சிமென்ட் தொட்டியும் பில்டரும் உள்ள அனுபவசாலிகள் சிலர் இருக்கிறார்கள். சிங்கப்பூரின் ரிவர் ஒண்டர்ஸ் காட்சியகத்தில் மனாட்டீயும் அரபைமாவும் நீந்துகிற பெரும் நீர்க்கூடத்தில் ரெட் டெயிலைப் பார்க்கும்போது, அந்த மீனுக்கு எவ்வளவு இடம் தகும் என்பது புரியும். ஆனால் காட்சியகங்கள் எல்லோருடைய மீனையும் வாங்கிக்கொள்ளாது. அதை நம்பி வளர்க்காதீர்கள். எந்த வழியும் இல்லையென்றால், மீன் மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் போய், கிராம்பு எண்ணெய் மயக்கத்தில் வலியில்லாமல் உயிரை முடிக்கக் கேளுங்கள். சொல்வதற்கு எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஏரியில் விடுவதைவிட அது நேர்மையான முடிவு.

கெளுத்தி மேல் ஆசை இருக்கிறவர்கள் ஆசையை விடவேண்டியதில்லை. கோரிடோராஸ் இரண்டு அங்குலத்தில் நின்றுவிடும். ஆறு ஏழு சேர்ந்து மணலைக் கிளறிக்கொண்டு திரியும் காட்சிக்கு இணை இல்லை. பாசி தின்ன வேண்டுமானால் பிரிஸ்ல்நோஸ் ஐந்து அங்குலத்தைத் தாண்டாது. தலைகீழாக நீந்தும் சினோடான்டிஸ் நான்கு அங்குலம். நம் வயல் வாய்க்கால்களில் இருக்கும் கோடுபோட்ட நாட்டுக் கெளுத்தியை நான்கடித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அதன் மீசைக்கும் சுறுசுறுப்புக்கும் அமேசான் மீன் எதுவும் மேலல்ல.

கடைசியாகக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிழைப்பைக் கெடுக்க நான் வரவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தத் தொழிலில் வாழ்கின்றன என்பது எனக்குத் தெரியும். உங்கள் தொட்டிகளில் மீனின் பெயரும் விலையும் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: இந்த மீன் முழுதாக வளர்ந்தால் எத்தனை அடி, எத்தனை கிலோ. ரெட் டெயில், 4 அடி. ஷார்க், 4 அடி. சக்கர், ஒன்றரை அடி. அந்த ஒரு வரியைப் படித்தபிறகும் வாங்குகிறவர் வாங்கட்டும். அவர் தெரிந்து வாங்குகிறார். நாளைக் காலை கடையைத் திறந்ததும் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து அதைச் செய்துவிடுங்கள்.